ரிலீஸுக்குப் பிறகு விழுந்த கத்தரி

2024இல் தமிழின் மூன்று முக்கியமான படங்கள் தியேட்டருக்கு வந்த பிறகு வெட்டுப்பட்டன. ஜூலையில் 'இந்தியன் 2' 12 நிமிடம், செப்டம்பரில் 'மெய்யழகன்' 18 நிமிடம், நவம்பரில் 'கங்குவா' மறுபடியும் 12 நிமிடம். மூன்றின் மீதும் எழுந்த புகார் ஒன்றுதான்: படம் நீளம்.

ஆனால் அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த 'அமரன்' இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டியது, 'கங்குவா'வைவிட நீளம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உலக வசூல் 300 கோடி ரூபாயைக் கடந்தது. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் ஷோபியானில் உயிர்த்தியாகம் செய்தது ஊரறிந்த செய்தி. முடிவு தெரிந்த அந்தக் கதையை மனைவி இந்துவின் நினைவுகள் வழியாகச் சொன்னார் இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி. அதனால்தான் சண்டைக் காட்சிகள் ஓய்ந்த இடத்திலும் பதற்றம் ஓயவில்லை. இந்துவாக நடித்த சாய் பல்லவி போனை எடுக்கும்போதெல்லாம் தியேட்டரே அமைதியானது.

இரண்டே வாரம் கழித்து வந்த 'கங்குவா'வில் சூர்யாவின் உழைப்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிந்தது. ஆனால் கதை நடக்கும் பழங்காலத்துக்குள் நுழையும் முன்பே, நிகழ்காலக் காட்சிகள் ரசிகர்களைச் சோர்வடையச் செய்துவிட்டன. முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, ஒலி அதிகம் என்று சூர்யாவின் மனைவி ஜோதிகாவே வெளிப்படையாக எழுதினார். தியேட்டர்களில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் நிலைக்குத் தயாரிப்புத் தரப்பு வந்தது.

'இந்தியன் 2'இன் சிக்கல் இன்னும் ஆழமானது. 1996இல் வந்த முதல் பாகத்தில் சேனாபதி, லஞ்சம் வாங்கியதற்காகச் சொந்த மகனையே கொன்றார். அந்த வலிதான் படத்தைத் தாங்கியது. இரண்டாம் பாகத்தில் தண்டிக்கப்படுபவர்களுக்கும் அவருக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. கடைசியில் மூன்றாம் பாகத்தின் டிரெய்லரைக் காட்டி அனுப்பினார்கள். இதை எந்த 12 நிமிட வெட்டும் சரிசெய்திருக்காது.

கத்தரி எங்கே விழ வேண்டும் என்பதற்கு 'மகாராஜா' நல்ல பாடம். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸில் புகார் கொடுக்கும் சலூன்காரர். முன்பின்னாகக் கலைத்து அடுக்கிய சம்பவங்கள். இயக்குநர் நித்திலன் சாமிநாதன் எழுத்திலேயே கணக்கைப் போட்டுவிட்டார். விஜய் சேதுபதியின் 50ஆவது படம் 100 கோடியைத் தாண்டி, நவம்பரில் சீனாவிலும் திரையேறியது.

மனதை உறுத்துவது 'மெய்யழகன்'தான். பெயர் நினைவுக்கு வராத ஒரு சொந்தக்காரனோடு ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பதுதான் பிரேம்குமார் எடுத்த படம். அங்கே பேச்சைக் குறைப்பது கதையையே குறைப்பது. விமர்சகர்கள் கொண்டாடிய படத்தை, வெளியான சில நாட்களிலேயே வெட்டினார்கள். அக்டோபர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும் பிற மொழிக்காரர்களும் கார்த்தியையும் அரவிந்த்சாமியையும் கொண்டாடினார்கள். அவர்கள் பார்த்ததும் வெட்டிய பிரதியைத்தான்.