டிரம்ஸ் வாசிப்பில் வித்தையும் இசையும்

ராக் இசையில் டிரம்ஸ் கலைஞரின் திறமை பெரும்பாலும் வேகத்தையும் உடல் வலிமையையும் கொண்டே மதிப்பிடப்படுகிறது. இந்த அளவுகோல் போதாது என்பதற்கு லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் (1948–1980) வாசித்த இரண்டு பாடல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1969இல் வெளியான 'மோபி டிக்' அவருடைய தனி வாசிப்புக்கென்றே அமைந்தது. இசைத்தட்டில் அது நான்கு நிமிடங்களைச் சற்றே தாண்டும். மேடையிலோ மற்ற மூவரும் விலகிக்கொள்ள, போனம் 20 நிமிடங்களுக்கு மேலும் வாசிப்பதுண்டு. குச்சிகளை வைத்துவிட்டு வெறுங்கையால் தட்டும் இடத்தில் நாதம் மாறுகிறது. அது கேட்கத்தக்க பகுதி. அதன்பின் வரும் உருட்டல்களில் உழைப்பு தெரியும் அளவுக்கு வளர்ச்சி தெரிவதில்லை. நேரில் பார்த்தவர்களுக்கு அது விருந்தாக இருந்திருக்கலாம், ஒலிப்பதிவாகக் கேட்பவருக்கு நீளம்தான் மிஞ்சுகிறது.

'வென் த லெவீ பிரேக்ஸ்' (1971) நேர்மாறானது. இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையில், மாடிப்படியின் அடியிலுள்ள கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தனர். ஏழு நிமிடப் பாடலின் பெரும்பகுதி ஒரே தாளக்கட்டில், நிதானமான நடையில் செல்கிறது. அடிகளுக்கு இடையே கூடத்தின் எதிரொலி வந்து நிறைகிறது. வெள்ளத்தில் கரை உடைவதைப் பாடும் பழைய ப்ளூஸ் பாடலுக்கு அந்தக் கனம் தேவைப்பட்டது. இதன் தொடக்கத் தாளத்தைப் பின்னாளில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் பலர் வெட்டியெடுத்துத் தம் பாடல்களுக்கு அடித்தளமாக்கிக்கொண்டனர்.

இதைக் கொண்டு மேடைக்கவர்ச்சியே இசைக்குப் பகை என்று முடிவு கட்டுவது பிழையாகும். பென்னி குட்மன் குழுவில் ஜீன் க்ரூபா முகபாவங்களாலும் உடலசைவாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். ஆயினும் 1937இல் பதிவான 'சிங், சிங், சிங்' இசையில் அவருடைய டாம்-டாம் ஒலியை நீக்கினால் குழு நிற்கத் தரையே இராது. அவருடைய ஆட்டம் அந்தத் தாளத்தோடு ஒட்டியே இருந்தது.

இன்று ஒரு நிமிடத்தில் விழும் அடிகளைக் கருவி கொண்டு எண்ணும் போட்டிகள் நடக்கின்றன. இணையத்தில் பரவும் சிறு காணொளிகளிலும் வேகமே முன்னிற்கிறது. உடன் வாசிப்பவர் இல்லாததால் யாருக்கு இடம்விட வேண்டும் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ் ஸ்நேரில் அடி விழும்போது ஹை-ஹாட்டில் அடிக்காமல் வலக்கையைத் தூக்கிவிடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஸ்நேரின் ஒலி தனித்துக் கேட்கும், கிதாருக்கும் இடம் கிடைக்கும். பல பதிவுகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.