தொகுப்போன் கடன்: இணையவழி விருதுவிழாவும் மெய்ப்பாடும்

தொகுத்தல் என்னும் சொல் தமிழ்ப் புலமைக்குப் பழையது. தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக அதனை எண்ணும். எட்டுத்தொகை என்ற பெயரில் நிற்பதும் அதுவே. திரைப்படம் தமிழகத்தில் வேரூன்றியபின், படச்சுருளை வெட்டியும் ஒட்டியும் ஒழுங்கு செய்யும் தொழிலுக்குப் பெயர் வேண்டியவிடத்தும் இச்சொல்லே கைகொடுத்தது. படத்தொகுப்பு என்றனர், அது நிலைத்தது. பெயரிட்டோர் பழைய தொகைநூல்களை நினைந்து இட்டனரா, உலக வழக்குப் பற்றி இட்டனரா என்ற ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. பொருத்தம் உளது. அப்பொருத்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நம் வினா.

எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. இணையவழி நடக்கும் விருதுவிழா ஒன்றிற்குக் காட்சி தொகுக்கும் ஊடகவியல் மாணவரின் பணியை, எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? இது தமிழாய்விதழில் இடம்பெறத்தக்க பொருளோ என ஐயுறுவார் இருக்கலாம். பலர் பல காலத்துப் பாடியவற்றை ஒரு நூலாகக் காட்டியோர் செயலை ஆராய்வது நம் தொழிலாயின், பலர் பல இடத்திருந்து பேசியவற்றை ஓர் அவையாகக் காட்டுவோர் செயலும் நம் தொழிலின் எல்லைக்குப் புறம்பன்று என்பது நம் கருத்து.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் அரங்குகள் அடைபட்டன. விருதுவிழாக்கள் திரைக்குட் புகுந்தன. பெருநிறுவனங்கள் தொழில் வல்லாரை அமர்த்திக்கொண்டன. கல்லூரிகளும் சிறு கழகங்களும் தம் ஊடகவியல் மாணவரையே நம்பின. அம்மாணவர் மேசைக்கு வந்து சேர்வன யாவை? ஒருவர் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒடுங்கிய படம்; மற்றொருவர் அதனைக் கிடத்தி எடுத்த அகன்ற படம்; இன்னொருவர் சாளரத்தைப் பின்னே வைத்து எடுத்தமையால் முகம் இருண்ட படம். கைப்பேசிகள் பல, நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கை ஒரே சீராகக் காப்பதில்லை. ஆகவே சில நிமிடம் சென்றபின் வாயசைவு முன்னும் ஒலி பின்னுமாகப் பிரியும். அதனை நொடிக்கு 25 என்ற நிலையான கணக்கிற்குக் கொணர்ந்தே தொகுக்கத் தொடங்க இயலும். ஒலியளவோ ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொன்று. இவற்றை இழைத்துச் சீராக்குவது பொறுமை வேண்டும் பணி. ஆயினும் இதில் வழக்கில்லை. ஏட்டில் சிதைந்த எழுத்தைத் துலக்குவது போன்றது இது.

வழக்கு எழுவது கைதட்டலில். இணையவழிக் கூட்டத்துக்கான செயலிகள் மனிதப் பேச்சைத் தெளிவிக்கும் நோக்கில் பிற ஒலிகளை அடக்குகின்றன. அவ்வாறு அடக்குங்கால் கைதட்டலையும் இரைச்சல் எனக் கொண்டு நீக்கிவிடுவதுண்டு. இதனை வியப்போடு நோக்குதல் வேண்டும். அவையின் ஒப்புதலுக்கு மனிதர் கண்ட மிகப் பழைய அடையாளங்களுள் ஒன்று, கருவியின் கணக்கில் குப்பை. ஆதலின் விருது பெற்றோர் பெயர் அறிவிக்கப்பட்டவுடன் பதிவில் நிற்பது ஒரு வெறுமை. அவ்வெறுமையை நிரப்பக் கைதட்டல் ஒலிகள் இணையத்தில் வேண்டுமட்டும் கிடைக்கும். புதிய தந்திரமும் அன்று. அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பதிவு செய்த சிரிப்பொலியைப் பொறியால் இயக்கி ஊட்டும் வழக்கத்தைச் சார்லஸ் டக்ளஸ் என்பார் 1950களிலேயே தோற்றுவித்தார். மாணவர் அவ்வொலியை எடுத்து வைக்கலாமா?

அவர் கற்ற கல்வி, வைக்கலாம் என்றே சொல்லும். படத்தொகுப்புப் பாடம் பெரும்பாலும் குலெஷோவிடமிருந்து தொடங்கும். ருஷ்ய நாட்டு லெவ் குலெஷோவ், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், நடிகர் மொஸ்ஜூகினின் சலனமற்ற ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளை அடுத்து வைத்துக் காட்டினார். அச்சோதனையைப் பற்றி எழுதிய புடோவ்கின், உணவுக் கிண்ணத்தை அடுத்து அம்முகம் எண்ணத்தில் ஆழ்ந்ததாகவும், சவப்பெட்டியை அடுத்துத் துயருற்றதாகவும், விளையாடும் சிறுமியை அடுத்து மகிழ்ந்ததாகவும் கண்டோர் கொண்டனர் என்பர். முகம் மாறவில்லை, அடுத்து நின்றது மாறிற்று. பிற்காலத்தவரான வால்டர் மர்ச், ஒரு வெட்டு எங்கு விழவேண்டும் என்பதற்கு ஆறு அளவைகள் வகுத்து, நூற்றுக்கு 51 பங்கை உணர்ச்சிக்கே அளித்தார். கதைக்கு 23, தாளத்துக்கு 10 என்பது அவர் கணக்கு. இடவொழுங்கு பிறழினும் உணர்ச்சி பிறழலாகாது என்பது அதன் சாரம். புனைகதைப் படத்திற்கு இவ்விரு கொள்கையும் பெருந்துணை. இவற்றில் நமக்கு மறுப்பில்லை.

ஆனால் விருதுவிழா புனைகதையன்று. இன்னாரை இன்னார் மதித்தனர் என்பதற்கு அது சான்று. இவ்வேறுபாட்டைக் காட்டவல்ல கருவி நம் பொருளதிகாரத்திலேயே உளது. மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வு உடலிற் புலப்படுதலை ஆராய்கின்றது. எட்டு மெய்ப்பாடுகளையும் கூறியதோடு ஆசிரியர் அமையவில்லை. ஒவ்வொன்றும் எவ்வெவற்றின்கண் தோன்றும் என நிலைக்களன் நந்நான்கு வகுத்துச் செல்கின்றார். நகைக்கு எள்ளல் முதலியன, பெருமிதத்திற்குக் கல்வி முதலியன, உவகைக்குச் செல்வம் முதலியன. இதன் உட்கிடை யாது? நிலைக்களனை அறியாதவழி மெய்ப்பாட்டை அறிந்தோம் என்றல் இயலாது. ஒரு முகத்தின் நகை எள்ளலாற் பிறந்ததா, பேதைமையாற் பிறந்ததா என்பது முகத்தில் மட்டும் எழுதப்பட்டிலது. குலெஷோவ் சோதனையாற் காட்டியதும் ஒருவகையில் இதுவே. வேறுபாடு ஒன்று: அவர் அதனைக் கலைஞனுக்குக் கிடைத்த உரிமையாகக் கொண்டார்; சான்று தொகுப்போனுக்கு அது கடனாக நிற்கும்.

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். முன்னரே பதிந்து ஒளிபரப்பும் விழாக்களில், தெரிவுப் பட்டியலில் உள்ளார் அனைவரையும் நன்றியுரை பதிந்து அனுப்புமாறு கேட்டல் உண்டு. ஐவர் அனுப்புவர், ஒருவர் உரையே வெளிவரும். எஞ்சிய நால்வரும் வெல்லாத வெற்றிக்குக் கண்கலங்கி, பெற்றோரை நினைந்து, ஆசிரியரை வாழ்த்திப் பேசிய பதிவுகள் மாணவர் கணிப்பொறியிற் கிடக்கும். அவற்றை முழுதுங் கண்டவர் உலகில் அவர் ஒருவரே ஆகலாம். இப்பொழுது விழாவில் வென்றவர் பெயர் அறிவிக்கப்படுகின்றது; பிற நால்வரும் மகிழ்ந்தனர் எனக் காட்ட முகங்கள் வேண்டும். கையில் உள்ளவை அந்நன்றியுரைகளே. பேச்சின் ஒலியை அடக்கி, புன்னகைக்கும் இரு நொடியை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால் அவை அமைந்துவிடும். கண்டோர் ஒருவரும் ஐயுறார். மர்ச் கூறும் 51 பங்கும் குறைவின்றி நிறையும்.

இதனைத் தொகுப்புக் குற்றங்களுள் தலையாயது என்போம். தன் வெற்றி பற்றிப் பிறந்த உவகை, பிறர் வெற்றி பற்றிப் பிறந்ததாக நிலைக்களன் மாற்றி வைக்கப்பட்டது. அந்நால்வருள் ஒருவர் உண்மையில் வருந்தியிருக்கலாம். வருந்தும் உரிமையும் அவர்க்குண்டு. சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் பொய் எனும் நாம், நகாததை நக்கதாகக் காட்டினால் அழகு என்கின்றோம். புறநானூற்றுப் பாட்டொன்றை அதற்குரிய அரசனை விட்டு வேறோர் அரசன் பெயரொடு பிணைத்து வைத்தால் நம் புலவருலகம் பொறுக்குமா? கைதட்டல் ஒலியைச் சேர்த்தல் இதனினும் சிறு குற்றம். ஏனெனில் அவ்வொலிக்கு முகமில்லை, யாரையும் அது சான்றுக்கு இழுப்பதில்லை.

வேறிடத்து முகத்தை ஒட்டுவது எப்போதும் குற்றமா எனின், அன்று. 2020 செப்டம்பர் 20ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த 72ஆவது எம்மி விருதுவிழா இதற்கு எடுத்துக்காட்டு. ஜிம்மி கிம்மல் மேடையில் நின்று நகைமொழி கூறினார்; நிறைந்த அரங்கு வாய்விட்டுச் சிரித்தது. முந்தைய ஆண்டுகளின் விழாக்களில் எடுத்த முகங்கள் அவை. சற்றுப் பொறுத்து, அவையோர் நடுவே கிம்மலின் முகமே தோன்றிற்று. பின்னர் ஆளற்ற இருக்கைகள் காட்டப்பட்டன. பார்த்தவர் ஏமாந்தனர், ஏமாந்ததை அவ்விழாவே எடுத்துரைத்தது. குலெஷோவின் வித்தையைச் செய்து, செய்த கையையும் திறந்து காட்டிய தொகுப்பு அது. அதே விழாவில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தெரிவாளர் வீடுகளுக்குப் படக்கருவிகள் சென்றிருந்தன. தொகுப்போன் கையை வேண்டாத காட்சியும் அன்று கிடைத்தது: ‘ஷிட்ஸ் க்ரீக்’ தொடரின் குழுவினர் கனடாவில் ஒருங்கு கூடியிருந்து அவ்விரவு ஏழு விருதுகளைப் பெற்றனர். அங்கே ஒருவர் முகத்து உவகைக்கு மற்றவர் முகமே நிலைக்களன்.

2021 பிப்ரவரி 28இல் நடந்த கோல்டன் குளோப் விழாவும் கருதத்தக்கது. டீனா ஃபே நியூயார்க்கிலும் ஏமி போலர் கலிபோர்னியாவிலும் நின்று, திரையில் அருகருகே தோன்றினர். நடுவே உள்ள தையலை மறைக்க அவர்கள் முயலவில்லை. ஃபே கைநீட்டிப் போலரின் கூந்தலைத் தடவுவது போல் விளையாடி, அத்தையலையே நகைக்கு இடமாக்கினர். அவ்விழாவிலேயே துணை நடிகர் விருது பெற்ற டேனியல் கலூயாவின் குரல் முதலில் கேட்கவில்லை. விருது அறிவித்தவர் மன்னிப்புக் கேட்டு முடிக்க முயன்ற பின்னரே ஒலி வந்தது. பதிந்து தொகுத்த விழாவாயின் அவ்விடர் வெட்டுண்டு போயிருக்கும். அதனை நீக்குவது பிழையெனச் சொல்லோம். சுருக்குதல் தொகுப்போன் உரிமை. தயங்கிய நொடிகளைக் குறைக்கலாம், இருமலை நீக்கலாம். நகர்த்தலாகாதது மெய்ப்பாடு ஒன்றே.

இனி வரிசை. அகநானூற்றின் வரிசை எண்ணால் அமைந்தது என்பது மாணவரும் அறிந்தது. ஒற்றை எண் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். தொகுத்தோன் கை அங்கு வெளிப்படையாகத் தெரிகின்றது. தெரிதலாலேயே, பாட்டுகள் அவ்வரிசையிற் பாடப்பட்டன என்று எவரும் மயங்குவதில்லை. ஸ்டீவன் சோடர்பெர்க் முதலியோர் அமைத்த 93ஆவது ஆஸ்கர் விழா இதற்கு மாறாக நடந்தது. 2021 ஏப்ரல் 25இல் லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் ரயில் நிலையத்தை முதன்மைக் களமாகக் கொண்ட அவ்விழாவில், இறுதியில் வருவதற்குரிய சிறந்த படத்திற்கான விருது முன்னே தள்ளப்பட்டு, சிறந்த நடிகர் விருது கடையில் வைக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் மறைந்த சாட்விக் போஸ்மன் பெறுவார் எனப் பலர் எதிர்பார்த்தனர். விழாவும் அவர் நினைவில் முடியும் என்றே கண்டோர் வரிசையைப் படித்தனர். உறையைத் திறந்தபோது வந்த பெயர் ஆந்தனி ஹாப்கின்ஸ். அவர் அங்கில்லை. நன்றியுரை இன்றி விழா சட்டென முடிந்தது. நிகழ்ச்சி நிகழுமுன் அதற்குக் கதைமுடிவு தொகுத்தால் நேரும் இடர் இது.

தொகைநூல்களில் மற்றுமொரு வழக்கம் உண்டு. நம் மாணவர்க்கு அதுவே மிகவும் உதவும். அகப்பாட்டின் கீழ்க் கூற்றும், புறப்பாட்டின் கீழ்த் திணையும் துறையும், பாடினார் பாடப்பட்டார் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. அவை பாடியோர் எழுதியன அல்ல, தொகுத்தோரோ அவர்க்குப் பின் வந்தோரோ சேர்த்தன என்பது அறிஞர் கொள்கை. தாம் அறிவிக்க விரும்பியதை அவர்கள் பாட்டினுள் நுழைக்காது, பாட்டின் வெளியே வைத்தனர். குறிப்புப் பிழைபட்ட இடத்தும் பாட்டு பிழைபடாது நிற்பதும், குறிப்பை மறுக்கும் உரிமை நமக்குக் கிடைப்பதும் அதனாலேயே. காட்சியின் அடியில் ஊரும் நாளும் குறிக்கும் ஒரு வரி எழுத்து, இவ்வேலையைச் செய்யும். மாணவர் பலர் அதனை அழகுக்கு இடையூறு என நீக்குகின்றனர்.

ஹாப்கின்ஸ் மறுநாள் தம் நாடான வேல்ஸிலிருந்து சிறு காணொளி ஒன்றை வெளியிட்டார். விருதை எதிர்பார்க்கவில்லை எனக் கூறிப் போஸ்மனுக்குப் புகழுரை செலுத்தினார். அவ்விழாவைத் தொகுத்துக் காட்டும் பயிற்சி ஒரு மாணவர்க்குத் தரப்பட்டால், இக்காணொளியை இறுதியில் ஒட்டவே அவர் கை விழையும். நாளும் இடமும் அடியிற் குறித்து ஒட்டினால் நமக்கு மறுப்பில்லை. குறியாது ஒட்டினால், ஏப்ரல் 25ஆம் நாள் இரவு அவ்வரங்கில் எழுந்த திகைப்பு மறைந்து, நிகழாத ஒரு நிறைவு அதன் இடத்தில் நின்றுவிடும்.