இசைக் காணொளியும் மக்கள் வரலாறும்

பாட்டைக் கேட்பதா, பார்ப்பதா என்ற வினா இன்றைய மாணவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கைத்தொலைபேசியின் சிறு திரையில் இரண்டும் ஒருங்கே அவரை வந்தடைகின்றன. ஆனால் சொல், ஒலி, காட்சி ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடியவுடனேயே கலை பிறந்துவிடுவதில்லை. அவற்றிடையே உள்ள உறவு யாது, அவ்வுறவு எவருடைய வாழ்வுக்குத் துணைநிற்கிறது என ஆராய்வதே விமர்சனத்தின் கடமை என நாம் கருதுகிறோம்.

இசைக் காணொளியின் பெருக்கத்துக்கு வாணிபம் ஒரு முக்கிய காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவில் எம்.ரீ.வி. தொலைக்காட்சி ஆரம்பமானபோது அது ஒளிபரப்பிய காணொளிகள், இசைத்தட்டுக் கம்பனிகள் தம் சரக்கை விற்பதற்குத் தயாரித்த விளம்பரங்களாகவே இருந்தன. எனினும் பிறந்த இடத்தைக் காட்டி ஒரு கலைவடிவத்தை ஒதுக்கிவிடுதல் முறையன்று. நாவலுந்தான் சந்தைச் சரக்காக வளர்ந்தது. அதனால் நாம் அதைத் தள்ளிவிட்டோமா?

ஒலியும் காட்சியும் எவ்வாறு இணைய வேண்டும் என்பதை ஆழ்ந்து சிந்தித்தோருள் சோவியத் திரைக் கலைஞர்களும் அடங்குவர். பேசும்படம் வந்த காலத்தில், 1928ஆம் ஆண்டு, ஐசன்ஸ்ரைனும் புதொவ்கினும் அலெக்சாந்திரோவும் ஓர் அறிக்கை விடுத்தனர். காட்சி சொல்வதையே ஒலியும் திருப்பிச் சொல்லுதல் வீண். இரண்டும் முரணி நின்று புதுப்பொருளைப் பிறப்பிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பத்தாண்டுகளின் பின் ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’ படத்தில் ஐசன்ஸ்ரைனும் இசைஞர் புறொகோபியேவும் இணைந்து உழைத்தனர். சில காட்சிகளுக்கு இசை பின்னர் எழுதப்பட்டது. வேறு சில காட்சிகள் முன்னரே எழுதப்பட்ட இசைக்கேற்ப அமைக்கப்பட்டன. பாட்டில் ‘மழை’ என்ற சொல் வந்ததும் மழையைக் காட்டிவிட்டுத் திருப்தியடையும் நெறியாளர்கள் இவ்வரலாற்றை அறிதல் நன்று.

2018இல் டொனால்ட் குளோவர் பாடி, ஹிரோ முராய் நெறிப்படுத்திய ‘திஸ் இஸ் அமெரிக்கா’ இந்த முரணுக்கு ஏற்ற சான்று. இனிய மெல்லிசையுடன் அது தொடங்குகிறது. பாடகர் ஆடிவந்து ஒரு மனிதனைச் சுடுகிறார். வெடிச்சத்தத்துடன் மெல்லிசை அறுந்து கனத்த தாளம் எழுகிறது. துப்பாக்கி செந்துணியிற் பத்திரமாக ஏந்தப்படுகிறது. பிணமோ தரையில் இழுத்துச் செல்லப்படுகிறது. பின்னர் முன்னணியில் ஆட்டம், பின்னணியிற் கலவரம். ஆட்டத்தை ரசித்த நம் கண்ணே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது.

இந்த அளவுகோலோடு, நம் நாட்டுடன் நேரடித் தொடர்புள்ள ஒரு தமிழ்ப் பாட்டை நோக்குவோம். 2021 மார்ச் மாதத்தில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, அமித் கிருஷ்ணன் நெறிப்படுத்திய ‘எஞ்சாய் எஞ்சாமி’ அது. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. மரத்தை வளர்த்தவன் தாகத்தோடு நிற்கும் கொடுமையைப் பாடும் இப்பாட்டின் வேர் இங்கேயே இருக்கிறது.

காட்சியோ தேயிலை மலையையும் லயத்தையும் பிரதானப்படுத்தவில்லை. திறந்த நிலம், பளிச்சிடும் வண்ண உடைகள், கூட்டு நடனம் என அது விரிகிறது. சொல் இழப்பைக் கூறுகிறது. தாளம் ஆடச் சொல்கிறது. இடையே ஒப்பாரியின் சாயல் எழுகிறது. உழைப்பாளியை இரங்கத்தக்க பிராணியாகக் காட்டாது, மண்ணுக்கு உரிமையுள்ளோரின் கம்பீரத்துடன் நிறுத்தியமை இதன் வெற்றி. கண்ணீரை விற்கும் படங்களிலிருந்து இது உயர்ந்து நிற்பதும் இதனாலேயே.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க முடியவில்லை. வண்ணங்கள் காட்டும் நிலத்துக்கு ஆண்டும் இல்லை, சட்டமும் இல்லை. அமெரிக்கக் காணொளியில் வெடிச்சத்தம் ரசிகனைத் தடுத்து நிறுத்துகிறது. இங்கே அத்தகைய தடை இல்லை. எனவே வரலாற்றை அறியாதவனும் இடறலின்றி ஆடிவிட்டுப் போகலாம். வரலாற்றைச் சுமந்து காட்சியில் வருவது வள்ளியம்மாளின் முகமே. அந்த முகம் யாருடையது என்று தெரியாதவனுக்கு அதுவும் அழகிய சித்திரங்களுள் ஒன்றாகிவிடும்.

லயத்தைக் காட்டியிருந்தால் போதுமே என்று சிலர் கூறலாம். அது சொல்லையே படமாக்கும் பழைய தவறு. வேண்டியது முரண், ஆட்டத்தின் நடுவே ‘இவள் யார்?’ என்று ரசிகனைக் கேட்கவைக்கும் ஒரு கணம்.

படம் கேட்கத் தவறிய அக்கேள்வியை வகுப்பறை கேட்கலாம். மாணவர் இப்பாட்டைப் பாடிக்கொண்டு வருகையில் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. பாடி முடிந்ததும் அந்த மூதாட்டியின் முகத்தைச் சுட்டி, 1948ஐயும் 1964ஐயும் சொல்லுவோம். அதன்பின் அவர்கள் மீண்டும் ஆடட்டும். அந்த ஆட்டம் வேறோர் ஆட்டமாக இருக்கும்.