அதிவேக ரயிலும் அன்ரிசர்வ்டு பெட்டியும்

போன மாதம் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையில் பட்டிமன்றம். 'இந்தியாவுக்கு அதிவேக ரயில் தேவையா, தேவையில்லையா?' என்பது தலைப்பு. வேறொரு வேலையாகப் போன நான் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டேன். அணிக்கு மூன்று பேர். பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். கடைசியில் நடுவர் எழுந்து, 'வேகமும் வேண்டும், விவேகமும் வேண்டும்' என்று தீர்ப்புச் சொன்னார். கைதட்டல், சால்வை, தேநீர், எல்லாம் முடிந்தது. அன்று ராத்திரி அன்ரிசர்வ்டு பெட்டியில் கக்கூசு வாசலில் நின்றபடியே ஊர் திரும்பினேன். நின்ற நேரமெல்லாம் அந்தப் பட்டிமன்றம்தான் மனசில் ஓடியது. இரண்டு அணிக்கும் நடுவருக்கும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

தேவை என்ற அணி சொன்னதில் பொய் இல்லை. 2017 செப்டம்பர் 14 அன்று அகமதாபாத்தில் மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்ஸோ அபேயும் அடிக்கல் நாட்டிய மும்பை–அகமதாபாத் பாதை 508 கிலோமீட்டர் நீளம். 12 நிலையங்கள். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம். நிறுத்தம் குறைந்த வண்டி இரண்டு மணி ஏழு நிமிடத்தில் போய்ச் சேருமாம். ஜப்பானில் 1964-இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென், மோதியோ தடம்புரண்டோ இன்றுவரை ஒரு பயணியைக்கூடக் கொன்றதில்லை. அதையும் உலக வங்கியிடம் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். விமானத்தைவிடப் புகையும் குறைவு.

தேவையில்லை என்ற அணி சொன்னதும் உண்மைதான். தொடக்க மதிப்பீடே 1,08,000 கோடி ரூபாய். அதில் 81 விழுக்காடு ஜப்பான் கடன். வட்டி 0.1 விழுக்காடு, 50 ஆண்டில் அடைக்க வேண்டும். வட்டி குறைவுதான், ஆனால் கடன் யென்னில். ரூபாய் சரிந்தால் கடன் ஏறும். 2022 ஆகஸ்டு 15-க்குள் ஓட்டிக் காட்டுவோம் என்றார்கள், அந்தத் தேதி போய்விட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், பாதைக்காகச் சுமார் 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட மும்பை உயர்நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

இரண்டு பக்கமும் சரி. அப்படியானால் எனக்கு என்ன பிரச்சினை? இரண்டு பக்கமும் புழங்கிய ஒரு சொல்தான் பிரச்சினை. 'நம் நேரம் மிச்சமாகும்' என்றது ஒரு அணி. 'நம் தலையில் கடன் விழும்' என்றது மறு அணி. இந்த 'நாம்' யாரு? இந்த 'நாம்'-க்குள்ளே தண்டவாளம் கழுவுகிறவர் உண்டா? ஜல்லி தட்டுகிற கேங்மேன் உண்டா? பட்டா இல்லாமல் அடுத்தவன் வயலில் கூலி பார்க்கிறவள் உண்டா? ஒன்றரை மணி நேரத்தில் சாதி என்கிற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. அந்த மௌனத்தில் மட்டும் இரண்டு அணியும் ஒரே அணிதான்.

இந்த மௌனத்துக்கு வயசு அதிகம். பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிய 1853-ஆம் ஆண்டிலேயே கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்தியா பற்றி எழுதினார். ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதி ஊன்றி நிற்கிற பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். 1909-இல் காந்தி 'இந்து சுயராஜ்ஜியம்' நூலில் தலைகீழாகச் சொன்னார்: ரயில் கொள்ளைநோயைப் பரப்புகிறது, பஞ்சத்தைப் பெருக்குகிறது, கெட்டவனின் காரியத்தை வேகமாக முடித்துக் கொடுக்கிறது. ஒருவருக்கு ரயில் விடுதலை, மற்றவருக்கு ரயில் கேடு. நம்ம பட்டிமன்றத்தின் இரண்டு அணியும் அன்றைக்கே தயாராகிவிட்டது.

மூன்றாவதாக ஒருவர் பேசினார். அவரை எந்தப் பட்டிமன்றமும் கூப்பிடுவதில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் தலைமையுரை ஆற்றினார். பார்ப்பனியம், முதலாளியம் இரண்டும் தொழிலாளிக்கு எதிரி என்று அவர் சொன்னது அங்கேதான். அதை நம் தோழர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதே உரையில் அவர் எடுத்துக்காட்டிய சின்ன விசயத்தைத்தான் விட்டுவிடுவார்கள். ரயில்வேயில் தீண்டப்படாதவர் பெரும்பாலும் கேங்மேனாகவே கிடக்கிறார், போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. ஏன்? ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டப்படாதவன் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாதே. மார்க்ஸ் எதிர்பார்த்தது போல ரயில் சாதியைக் கரைக்கவில்லை. காந்தி சொன்னது போல ரயில் இல்லாத கிராமத்திலும் நமக்கு விமோசனம் இல்லை. அம்பேத்கர் ரயில் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லை, ரயிலுக்குள் யார் எந்த இடத்தில் என்று கேட்டார். அதுதான் நம் கேள்வி.

நாம் ரயிலுக்கு எதிரி இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் சனங்கள் தாராவிக்குப் போனது எதில்? ரயிலில்தான். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் டிக்கெட் எடுத்து ஏறினான். தோல் கிடங்கில் வேலை பார்த்தான், அடுத்த கோடையில் பேண்ட் சட்டையோடு வந்து இறங்கினான். ஊர்க்காரன் பார்த்துப் பொருமினான். எங்க மாமா ஒருத்தரும் அப்படிப் போனவர்தான். 'உக்கார எடம் கெடைக்காதுடே, ஆனா பக்கத்துல நிக்கவன் சாதி கேக்க மாட்டான், கேக்க எங்க எடம்?' என்பார். அந்த நெரிசல் நமக்குக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்று அதிவேக ரயிலின் மும்பை முனையம் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் பூமிக்கடியில் அமைகிறது. மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் அந்த முனையம். தாராவியிலிருந்து எத்தனை பேர் அதில் ஏறுவார்கள்?

இதே காலத்தில் சாதாரண ரயிலில் என்ன நடக்கிறது? திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் 2023 செப்டம்பரில் வந்தது. முழுக்க ஏசி. முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் அம்ரித் பாரத் என்ற பெயரில் அன்ரிசர்வ்டு பெட்டிகளோடு வண்டி விட்டார்கள். நியாயமாக அதையும் சொல்கிறேன். ஆனால் பத்திரிகையின் முதல் பக்கப் படம் எந்த வண்டிக்குப் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

அன்ரிசர்வ்டு என்றால் சீட்டு இல்லை என்பதோடு முடியவில்லை. பட்டியலில் பேரும் இல்லை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் செத்தார்கள். சிக்னல் வேலையில் நடந்த தவறுதான் மூலம் என்று விசாரணை சொன்னது. வேலை தேடித் தெற்கே வந்தவர்கள் அடைந்து கிடந்த பொதுப் பெட்டி நொறுங்கியது. கடைசிவரை யாரென்று தெரியாத 28 உடல்களை அக்டோபரில் புவனேசுவரத்தில் எரித்தார்கள். 2020 மே 8 அன்று ஔரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. ஊரடங்கில் ரயில் ஓடாது என்று நம்பி, மத்தியப் பிரதேசத்துக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு 320 கிலோமீட்டர் வேகம் வேண்டியிருக்கவில்லை, ஏறுவதற்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது.

இனி தண்டவாளம். எங்க பெரியம்மா ஒரு ஸ்டேஷனில் ஒப்பந்தக்காரர்கிட்ட தண்டவாளம் கழுவின ஆள். 'வண்டி நிக்கும்போது போகாதீகன்னு எழுதிப் போட்டிருக்கு. படிச்சவந்தான் போறான்' என்று சிரிப்பார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்தது. தண்டவாளத்தையும் பேர் சொல்லிச் சேர்த்தது. கூடவே ஒரு சந்தும் வைத்தது: அரசு அறிவிக்கிற கருவியும் பாதுகாப்பு உறையும் கொடுத்துவிட்டால், அதே வேலையைச் செய்கிறவர் மலம் அள்ளுகிறவர் ஆக மாட்டார். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இது ஒழியக் காலக்கெடு வைத்துத் திட்டம் போடு என்று ரயில்வேக்குச் சொன்னது. அகலப்பாதைப் பயணிகள் பெட்டிகளில் உயிரிக் கழிப்பறை பொருத்தி முடிக்க 2019 ஆகிவிட்டது. ரயில் வந்து 166 வருசம். நீராவி போய் டீசல் வந்தது, டீசல் போய் மின்சாரம் வந்தது, டிக்கெட் கணினிக்குப் போனது. மலம் மட்டும் தண்டவாளத்தில் விழுந்துகொண்டே இருந்தது. தொழில்நுட்பம் தெரியாமலா? கீழே அள்ளுவதற்கு ஒரு சாதி இருக்கும்போது தொழில்நுட்பம் எதற்கு என்ற தெம்பில்தான்.

அடுத்தது நிலம். விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனத்தின் நிலத்துக்கு 264 கோடி ரூபாய் இழப்பீடு தீர்மானித்தார்கள். அது போதாதென்று நிறுவனம் வழக்காடியது. 2023 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்யும்வரை வேலை நின்றது. பால்கர் மாவட்டத்தில் வார்லி ஆதிவாசிகள் கிராமசபை கூட்டி எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். பழங்குடிப் பகுதியில் கிராமசபையைக் கலந்துதான் நிலம் எடுக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. என்ன ஆனது? 2024 ஜனவரியில் 1,389 ஹெக்டேரும் எடுத்தாயிற்று என்று அறிவித்தார்கள். எடுக்கிற நிலத்தில் மூன்று வருசம் கூலி பார்த்த விவசாயத் தொழிலாளியும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான் என்று 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்தக் கூலியாளைக் கண்டுபிடித்துக் கணக்கில் எழுதுவது சமூகத் தாக்க மதிப்பீடு. குஜராத் அரசு 2016-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, பல வகைத் திட்டங்களுக்கு அந்த மதிப்பீடே தேவையில்லை என்று ஆக்கிக்கொண்டது.

இதெல்லாம் வடக்கே நடக்கிற கதை என்று இருந்துவிடாதீர்கள். சென்னை–பெங்களூரு–மைசூரு வழித்தடமும் 2020-லேயே ஆய்வுப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் கொடுத்த அறிக்கையால் நமக்குப் பஞ்சமி நிலம் வந்தது. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். இன்று அதில் எவ்வளவு நம் கையில்? காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுத்தானே 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்? நாளைக்கு அதிகாரி சர்வே கல்லோடு வந்தால் இழப்பீடு யாருக்குப் போகும்? பட்டா யார் பேரிலோ அவருக்கு. நம்மிடமிருந்து பிடுங்கிய நிலத்துக்குச் சர்க்கார் அவருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும். பிறகு அங்கே நிலம் இருக்காது, பாலத்தூண்தான் நிற்கும். வழக்குப் போட்டு எதை மீட்பது?

ஊருக்கு வந்ததும் பெரியம்மாவிடம் பட்டிமன்றக் கதையைச் சொன்னேன். 320 கிலோமீட்டர் வேகம் என்றேன். அவர் அசரவில்லை.

'அதுல கக்கூசு எங்க போவும்?'

'கீழ விழாது பெரியம்மா, தொட்டியில சேரும்.'

'தொட்டிய யாரு கழுவுவா?'

மூன்றும் மூன்றும் ஆறு பேச்சாளர்களும் ஒரு நடுவரும் கேட்காத கேள்வி. மெசின் கழுவலாம். ஆனால் அந்த மெசினைத் துடைக்கிற வேலை ஒப்பந்தக்காரரிடம் போகும். ஒப்பந்தக்காரரிடம் போன வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது. துப்புரவுக்கு மட்டும் கேட்காமலே நூற்றுக்கு நூறு நமக்கு ஒதுக்கீடு.

அதனால் தோழர்களே, அடுத்த பட்டிமன்றத்தில் நம்மைத் தேவை அணியிலோ தேவையில்லை அணியிலோ உட்காரக் கூப்பிட்டால், உட்காரும் முன் சிலவற்றைக் கேட்போம். பாதைக்கு நிலம் அளக்கும் முன் அந்த வழியிலுள்ள பஞ்சமி நிலத்தின் பட்டியலை வெளியிடு. கூலியாளின் பேரை இழப்பீட்டுக் கணக்கில் எழுது. நிலையத்திலும் பணிமனையிலும் ஒப்பந்த வேலை உட்பட எல்லா மட்டத்திலும் இடஒதுக்கீடு கொடு. விரைவு வண்டி ஒவ்வொன்றிலும் அன்ரிசர்வ்டு பெட்டியைக் கூட்டு. இதற்கு உடன்பட்டால் வேகத்தைப் பற்றிப் பேசலாம், நமக்கு வேகத்தோடு பகை இல்லை. படிக்கிற பிள்ளைகள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவரவர் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் பழைய 'அ' பதிவேட்டுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் வாங்கி வையுங்கள். சர்வே கல் வருவதற்குள் அது நம் கையில் இருக்க வேண்டும்.