டான்சிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் சிரப்பும்

டான்சில் அடிக்கடி வீங்கும் குழந்தைகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து சேர்ந்த சிரப்பும் மாத்திரையும் கொடுக்கும் வழக்கம் ஓர் உயிர்வேதியியல் வாதத்தை நம்பி நிற்கிறது. அந்த வாதத்தின் முதல் பாதி வலுவானது. டான்சிலிலோ அடினாய்டிலோ கிருமி தொற்றினால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, ஆக்ஸிஜனை சூப்பராக்ஸைடாக மாற்றுகின்றன. அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாகிறது. அதிலிருந்து மையலோபெராக்ஸிடேஸ் நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது. துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் வேலை செய்வதும் இதே சரக்குதான். கிருமியைக் கொல்லும் இந்த அமிலமும், சூப்பராக்ஸைடு போன்ற ஃப்ரீ ராடிக்கல்களும் பக்கத்துச் செல்களின் கொழுப்புப் படலத்தையும் விட்டுவைப்பதில்லை. அப்படலம் சிதைந்ததற்கு அடையாளமாக மாலான்டைஆல்டிஹைடு என்ற பொருள் மிஞ்சுகிறது. அடினாய்டு பெருத்து, தூக்கத்தில் மூச்சு தடைபடும் குழந்தைகளிடம் இன்னொரு வழியும் உண்டு: ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் ஃப்ரீ ராடிக்கல்கள் கூடுகின்றன.

இதை அளந்து பார்த்த ஆய்வுகளில் கணிசமானவை துருக்கி மருத்துவமனைகளில் நடந்தவை. நோயுற்ற குழந்தைகளிடம் மாலான்டைஆல்டிஹைடு கூடியும் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகள் குறைந்தும் இருந்தன. அறுவை சிகிச்சைக்குப் பின் நிலைமை சீரானது என்பது அவற்றின் பொதுவான முடிவு. நோயோடு சேர்ந்து இந்த நிலையும், அதாவது ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும், இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். வழக்கமாகப் பயன்படும் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை மாலான்டைஆல்டிஹைடோடு நிற்பதில்லை, சர்க்கரை போன்ற பிற பொருள்களோடும் வினைபுரியும். ரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்தாலே எண் மாறிவிடும். அறுவை செய்யாமல் அதே காலம் காத்திருந்த குழந்தைகளை ஒப்பிடாவிட்டால், தொற்று தானாகத் தணிந்ததால் வந்த மாற்றமா, கத்தியால் வந்ததா என்று பிரிக்கவும் முடியாது.

ஃப்ரீ ராடிக்கல்களே நோய்க்குக் காரணம், அவற்றை அடக்கினால் நோய் தணியும் என்ற வாதத்தின் இரண்டாம் பாதிதான் சறுக்குகிறது. உடனிருப்பதெல்லாம் காரணமாகிவிடாது. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்னும் பிறவிக் குறைபாட்டில் வெள்ளணுக்களால் சூப்பராக்ஸைடைத் தயாரிக்க முடியாது. அந்தக் குழந்தைகளை ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன. ஃப்ரீ ராடிக்கலை வெறும் எதிரியாகச் சித்திரிக்கும் விளம்பரங்கள் இந்த நோயைப் பற்றிப் பேசுவதே இல்லை. சிரப்பில் உள்ள அளவு வெள்ளணுக்களை முடக்கிவிடும் என்று இதற்குப் பொருளல்ல. ஃப்ரீ ராடிக்கல் அழிக்கப்பட வேண்டிய பொருள் என்ற அடிப்படையே தவறு.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையால் கெடுதல் வராது என்ற நம்பிக்கையும் முன்பே அடிபட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. குழந்தையின் தொண்டைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், ஆய்வகக் கணக்கும் உடலின் கணக்கும் வேறுபடும் என்பதற்கு அது போதும். வைட்டமின் சி-யைத் தொடர்ந்து கொடுத்தால் குழந்தைகளின் சளி நாட்கள் ஏறக்குறைய 14 சதவீதம் குறைவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. சளி பிடிக்கும் முறைகளோ பொதுவாகக் குறையவில்லை. சளிக்குக் கிடைத்த இந்தச் சிறு பலனை டான்சில் அழற்சிக்கும் கடன் வாங்குவது நியாயமல்ல.

அறுவை வேண்டுமா என்பதையும் ரத்த எண் தீர்மானிப்பதில்லை. தொண்டைத் தொற்று ஓராண்டில் 7 முறை, அல்லது ஈராண்டுகளில் ஆண்டுக்கு 5, மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு 3 முறை என்ற பாரடைஸ் அளவுகோலே இன்றும் வழிகாட்டுகிறது. தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ள 464 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பரிசோதனை முடிவு சீரானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினர் தேறினர்.

ஆகவே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் ஆய்வாளருக்குப் பயனுள்ள குறியீடு; சிரப் எழுதிக் கொடுக்க அது காரணமாகாது. கொய்யாவும் நெல்லிக்காயும் உணவாகவே போதும். சிரப்புக்குச் செலவழிக்கும் முன் வீட்டுக்குள் புகைபிடிப்பதைப் பெரியவர்கள் நிறுத்த வேண்டும்.