உப்புக்காற்றில் ஒரு பத்மினி
இத்தாலியின் ஃபியட் 1100 டி, 1964 முதல் மும்பை குர்லாவில் பிரீமியர் ஆலையில் உருவாகி, எழுபதுகளில் பத்மினி ஆனது. சோழவரம் கார் பந்தயத்திலும் சீறிய 1089 சிசி வண்டி. மாமல்லபுரம் பக்கம் பழையது ஒன்று விலைக்கு வந்தால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு. கடற்காற்று அரித்த கதவடித் தகட்டில் பட்டி பூசி மறைத்திருப்பார்கள். அங்கே காந்தம் ஒட்டாது. தேய்ந்த எஞ்சினைச் செங்கல்பட்டிலேயே நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து மீட்கலாம். துரு அப்படியல்ல. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். பிறகு ஓட்டிப் பாருங்கள்: ஸ்டியரிங்கை ஒட்டிய அந்தக் கியர், இணைப்புகள் தேயாதிருந்தால், விரல்நுனிக்கே இணங்கும். என்ன ஒரு சுகம் அது!