எதிரணியின் பேலன்ஸ் ஷீட்

ஃபுட்பால் மேட்ச்சுக்கு முந்தின நாள் பேப்பரில் எதிரணி பற்றி என்ன வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? யார் எத்தனை கோல் போட்டார் என்ற பட்டியல், அவ்வளவுதான். பி.காம். படித்தவனுக்கு இது சொத்துக் கணக்கை மட்டும் காட்டிக் கடனை மறைக்கிற பேலன்ஸ் ஷீட்.

2018 மார்ச் 17, ஐ.எஸ்.எல். ஃபைனல், பெங்களூரு கண்டீரவா மைதானம். லீகில் பெங்களூருக்கு 40 புள்ளி, நம்ம சென்னையின் அணிக்கு 32. அங்கே சுனில் சேத்ரி, மிக்கு என்று இரண்டு கோல் மிஷின்கள். 'தேறாதுப்பா' என்பதுதான் எங்கள் கொட்டிவாக்கம் டீக்கடைத் தீர்ப்பு. ஒன்பதாவது நிமிஷமே சேத்ரி பாய்ந்து தலையால் முட்டினார், கோல். டீக்கடை எழுந்தே போய்விட்டது.

அப்புறம்தான் விஷயம். கிரகரி நெல்சன் ஒரு கார்னர் அடிக்கிறார். டிஃபண்டர் மைல்சன் ஆல்வஸ் முட்டுகிறார், கோல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு கார்னர். அதே நெல்சன், அதே ஆல்வஸ், அதே கோல்! கடைசியில் 3-2, கோப்பை சென்னைக்கு.

பெங்களூருவில் யார் கோல் போடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார்னர் வந்தால் அங்கே ஆல்வஸை யார் மறிப்பார் என்று நாம் யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் 2017 டிசம்பரில் அதே மைதானத்தில் சென்னை 2-1 ஜெயித்திருந்தது. வெற்றி கோல் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷுடையது. (பிப்ரவரியில் இங்கே 1-3 தோற்றோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அடுத்த மேட்ச்சுக்கு முன்னால் பேப்பரைப் புரட்டிப் பாருங்கள். எதிரணி கார்னரில் எத்தனை கோல் வாங்கியது என்று ஒரு வரியாவது இருக்கிறதா?